சீருடற்பயிற்சியும் சிறுமியரின் உடற்சமநிலையும்

சீருடற்பயிற்சி அல்லது ஜிம்னாஸ்டிக்ஸ் என்பது வலிமை, நெகிழ்வு, விரைவு, சமநிலை ஆகியவற்றை ஒருங்கே வளர்க்கும் ஒரு விளையாட்டாகும். பெண்கள் இவ்விளையாட்டை மிக இளம் வயதிலேயே கற்கத் தொடங்குகின்றனர். ஐந்து அல்லது ஆறு வயதில் பயிற்சியைத் தொடங்குவது பல நாடுகளில் வழக்கமாகும். மனிதரின் சமநிலை ஆற்றல் விரைவாக மாறிவரும் பருவமும் அதுவே. ஆகவே இப்பயிற்சி சிறுமியரின் சமநிலையை எவ்வாறு பாதிக்கிறது என்பது உடலியங்கியல், உடற்கல்வி ஆகிய துறைகளில் ஆராயப்படும் ஒரு பொருளாக உள்ளது.

பயிற்சி பெறும் சிறுமியர் தம் வயதினரைவிட முன்னதாகவே உடலை நிலைநிறுத்தக் கற்கின்றனர் என்பதை ஆய்வுகள் சுட்டுகின்றன. ஆயினும் இப்பயன் எல்லா வயதிலும் ஒரே அளவில் காணப்படுவதில்லை. பயிலப்படும் உடல்நிலைகளைச் சார்ந்தே அது பெரிதும் அமைகிறது. மிகையான பயிற்சியால் வளரும் எலும்புகளுக்குக் கேடு நேரவும் கூடும்.

உடற்சமநிலை

ஒருவர் நிற்கும்போது அவருடைய இரு பாதங்களும் அவற்றுக்கு இடைப்பட்ட பரப்பும் சேர்ந்து தாங்குதளம் எனப்படும். உடலின் புவியீர்ப்பு மையத்திலிருந்து கீழ்நோக்கி வரையப்படும் செங்குத்துக் கோடு இத்தளத்திற்குள் விழும்வரை உடல் கவிழாது. ஒற்றைக்காலில் நின்றால் தாங்குதளம் ஒரு பாதத்தின் அளவாகச் சுருங்குவதால் நிலைத்து நிற்பது கடினமாகிறது.

அசையாமல் நிற்பதாகத் தோன்றும் மனிதரும் உண்மையில் இடைவிடாது சிறிதளவு அசைந்துகொண்டே இருக்கிறார். இந்த அசைவை மூளை உணர்ந்து தசைகளின் மூலம் திருத்திக்கொண்டே இருக்கிறது. இதற்கு மூன்று வழிகளில் செய்திகள் கிடைக்கின்றன.

பார்வை: சுற்றியுள்ள பொருட்களை ஒப்பிட்டு உடலின் சாய்வை அறிதல்.

உட்செவி: ஒவ்வொரு காதிலும் உள்ள மூன்று அரைவட்டக் கால்வாய்கள் தலையின் சுழற்சியை உணர்கின்றன. அவற்றை அடுத்துள்ள இரு சிறு பைகள் தலையின் சாய்வையும் நேர்கோட்டு விரைவு மாற்றத்தையும் உணர்கின்றன.

தன்னிலை உணர்வு: தசை, தசைநாண், மூட்டு, பாதத்தின் தோல் ஆகியவற்றிலிருந்து வரும் செய்திகள். கண்ணை மூடிய நிலையிலும் கையும் காலும் எங்குள்ளன என்பதை அறிய இவ்வுணர்வே உதவுகிறது.

இம்மூன்றையும் இணைத்துத் தசைகளின் செயலை ஒழுங்குபடுத்துவதில் சிறுமூளைக்கு முதன்மையான பங்குண்டு. கோயம்புத்தூர், காந்திபுரத்திலிருந்து புறப்படும் நகரப் பேருந்து ஒன்றில் நின்று செல்லும் பள்ளி மாணவியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஓட்டுநர் திடீரெனத் தடையை அழுத்தும்போது அவளுடைய உடல் முன்னே சாய்கிறது. அவள் எண்ணிப் பார்க்கும் முன்பே கணுக்காலும் இடுப்பும் எதிர்வினை புரிகின்றன. சிறு தள்ளலாயின் கணுக்கால் அசைவே போதுமானது. பெரிய தள்ளலாயின் இடுப்பு வளைகிறது. அதுவும் போதாதபோது கால் ஓர் அடி முன்னே வைக்கப்படுகிறது.

குழந்தைப் பருவத்தில் சமநிலையின் வளர்ச்சி

குழந்தைகள் பெரும்பாலும் ஓராண்டு நிறைவை ஒட்டி நடக்கத் தொடங்குகின்றனர். நான்கு வயதளவில் ஒற்றைக்காலில் தாவவும், ஐந்து வயதளவில் ஒற்றைக்காலில் பத்து நொடி வரை நிற்கவும் பெரும்பாலோர் கற்றுக்கொள்கின்றனர். மூன்று வயதிற்கு உட்பட்ட குழந்தைகள் நிற்பதற்குப் பார்வையையே பெரிதும் நம்புகின்றனர்.

நான்கு முதல் ஆறு வயது வரையுள்ள காலம் ஓர் இடைமாற்றக் காலமாகும். பார்வை, உட்செவி, தன்னிலை உணர்வு ஆகியவற்றுள் எதற்கு எப்போது முதன்மை தர வேண்டும் என்பதை மூளை அப்போதுதான் கற்றுக்கொள்கிறது. இதனால் இவ்வயதினரின் அசைவுகள் ஒழுங்கற்றவையாகக் காணப்படும். ஏழு முதல் பத்து வயதிற்குள் இரு காலில் நிற்கும் முறை பெரியவர்களுடையதை நெருங்குகிறது. முரண்பட்ட புலன் செய்திகளைக் கையாளும் திறன் பதின்ம வயதின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே செல்கிறது. தொடக்கப்பள்ளி வயதில் சிறுமியர் அதே வயதுச் சிறுவர்களைவிடக் குறைவாக அசைகின்றனர் எனப் பல ஆய்வுகள் கண்டுள்ளன.

மகளிர் சீருடற்பயிற்சியும் சமநிலைச் சட்டமும்

கலைநயச் சீருடற்பயிற்சியில் மகளிருக்குத் தாவு மேசை, சமனற்ற இணைச் சட்டங்கள், சமநிலைச் சட்டம், தரைப் பயிற்சி என நான்கு பிரிவுகள் உண்டு. பயிற்சியாளர்கள் 'பீம்' என்று அழைக்கும் சமநிலைச் சட்டம் மகளிர் போட்டிகளில் மட்டுமே இடம்பெறுகிறது. இதன் நீளம் 5 மீட்டர், அகலம் 10 சென்டிமீட்டர், தரையிலிருந்து உயரம் 125 சென்டிமீட்டர் ஆகும்.

போட்டியில் வீராங்கனை இச்சட்டத்தின் மீது அதிகபட்சம் 90 நொடிகள் பயிற்சிகளைச் செய்துகாட்டுவார். தாவல், குட்டிக்கரணம், ஒற்றைக்காலில் முழுச் சுழற்சி முதலியன இதில் அடங்கும். சட்டத்திலிருந்து கீழே விழுந்தால் ஒரு முழுப் புள்ளி குறைக்கப்படும். விழாமல் தடுமாறினாலும் தடுமாற்றத்தின் அளவிற்கு ஏற்பப் புள்ளிகள் குறையும்.

சிறுமியர் தொடக்கத்திலேயே இந்த உயரத்தில் ஏற்றப்படுவதில்லை. தரையில் வரைந்த கோடு, தரையோடு ஒட்டிய தாழ்ந்த சட்டம், பின்னர் மெத்தைகள் சூழ்ந்த உயரச் சட்டம் எனப் பயிற்சி படிப்படியாக உயர்கிறது. தாங்குதளத்தின் அகலம் மூன்று நிலைகளிலும் ஒன்றே. மாறுவது உயரமும் அதனால் எழும் அச்சமும் ஆகும். அச்சம் தசைகளை இறுக்கி இயல்பான திருத்த அசைவுகளைத் தடை செய்வதால் இப்படிநிலை முறை பின்பற்றப்படுகிறது.

உருமேனியாவின் நாடியா கொமனெச்சி 1976 ஆம் ஆண்டு மொன்றியல் ஒலிம்பிக்கில் தமது 14 ஆம் வயதில் சமநிலைச் சட்டப் பிரிவில் தங்கப் பதக்கம் வென்றார். அவ்வயதில் இன்று ஒலிம்பிக்கில் பங்கேற்க இயலாது. மகளிருக்கான குறைந்தபட்ச வயது 1981 முதல் 15 ஆகவும், 1997 முதல் 16 ஆகவும் உயர்த்தப்பட்டது.

பயிற்சியின் விளைவுகள்

இளஞ்சிறுமியர்

பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் 2011 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வு இப்பொருளில் குறிப்பிடத்தக்கது. இதில் 5 முதல் 7 வயது வரையுள்ளோர், 9 முதல் 11 வயது வரையுள்ளோர் என இரு வயதுப் பிரிவினர் ஒப்பிடப்பட்டனர். ஒவ்வொரு பிரிவிலும் சீருடற்பயிற்சி பெறுவோரும் பெறாதோரும் இருந்தனர். அனைவரும் கண்களைத் திறந்தும் மூடியும் 30 நொடிகள் இரு காலில் அசையாது நிற்குமாறு கேட்கப்பட்டனர்.

இளைய பிரிவில் பயிற்சி பெற்றோர் பெறாதவர்களைவிட நிலைத்து நின்றனர். பயிற்சி பெறாத இளையோருக்குக் கண் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் பெரிய வேறுபாடு இருக்கவில்லை. பயிற்சி பெற்ற இளையோரோ கண்ணைத் திறந்திருந்தபோது தெளிவான முன்னேற்றம் காட்டினர். அதாவது, கண்முன் இருக்கும் செய்தியை நிற்பதற்குப் பயன்படுத்தும் திறனை அவர்கள் முன்கூட்டியே பெற்றிருந்தனர். மூத்த பிரிவிலோ பயிற்சி பெற்றோருக்கும் பெறாதோருக்கும் இடையே அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை.

இம்முடிவை இரு வகையாக விளக்கலாம். எல்லாக் குழந்தைகளும் ஒன்பது வயதளவில் அடையும் நிலையைப் பயிற்சி சற்று முன்னதாகக் கொண்டுவருகிறது என்பது ஒரு விளக்கம். ஒன்பது வயதினருக்கு இரு காலில் நிற்பது மிக எளிதான செயல் என்பதால் அவர்களுக்கிடையே உள்ள வேறுபாட்டை அச்சோதனை வெளிப்படுத்தாது என்பது மற்றொரு விளக்கம்.

கடினமான நிலைகளில் வேறுபாடு

இரண்டாவது விளக்கத்திற்கு ஆதரவாகவும் ஆய்வுகள் உள்ளன. 2001 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் தேர்ந்த சீருடற்பயிற்சியாளர்களைப் பிற விளையாட்டு வீரர்களுடன் ஒப்பிட்டனர். இரு காலில் நிற்கும்போது இரு குழுவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தனர். ஒற்றைக்காலில் நிற்கச் செய்து கண்களை மூடியபோது சீருடற்பயிற்சியாளர்கள் குறைவாகவே பாதிக்கப்பட்டனர். பார்வை இல்லாதபோது பாதத்திலிருந்தும் கணுக்காலிலிருந்தும் வரும் செய்திகளை அவர்கள் திறம்படப் பயன்படுத்தினர்.

பயிற்சியின் தனித்தன்மை

ஒரு நிலையில் பெற்ற தேர்ச்சி மற்றொரு நிலைக்குத் தானாக மாறுவதில்லை. தேர்ந்த சீருடற்பயிற்சியாளர்களிடம் 2004 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், கைகளால் தலைகீழாக நிற்பதில் சிறந்தவர்கள் கால்களில் நிற்பதிலும் அதே அளவு சிறந்தவர்களாக இருக்க வேண்டியதில்லை எனத் தெரியவந்தது.

அமெரிக்காவின் சிமோன் பைல்சு இதற்கு ஓர் எடுத்துக்காட்டு ஆவார். 2021 இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில், வானில் முறுக்கிச் சுழலும்போது தம் உடல் எத்திசையில் உள்ளது என்பதை உணர இயலாத நிலைக்கு அவர் ஆளானார். இதனால் குழு இறுதிப் போட்டியிலிருந்து இடையில் விலகினார். சில நாட்களுக்குப் பின், முறுக்குச் சுழற்சி இல்லாத இறங்குமுறையைத் தேர்ந்து சமநிலைச் சட்டத்தில் வெண்கலப் பதக்கம் பெற்றார். வான்வெளியில் திசையறியும் திறனும் சட்டத்தின் மீது நிலைநிற்கும் திறனும் வெவ்வேறானவை என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

தேர்வுச் சார்பு

பயிற்சி பெறுவோரையும் பெறாதோரையும் ஒரே நேரத்தில் ஒப்பிடும் ஆய்வுகளுக்கு ஒரு வரம்பு உண்டு. இயல்பிலேயே நல்ல சமநிலையும் குட்டையான உடலமைப்பும் உடைய சிறுமியரே இவ்விளையாட்டில் சேரவும் நிலைக்கவும் வாய்ப்பு மிகுதி. உயரம் குறைந்தோரின் புவியீர்ப்பு மையம் தரைக்கு அருகில் அமைவதால் அவர்களுக்கு நிற்பது எளிதாகிறது. ஆகவே காணப்படும் வேறுபாடு முழுவதையும் பயிற்சியின் விளைவாகக் கொள்ள இயலாது. ஒரே சிறுமியரைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளந்து, பயிற்சி பெறாத குழுவுடன் ஒப்பிடும் ஆய்வுகளே இதில் உறுதியான விடை தரவல்லவை.

தீபா கர்மாகர்

உடலமைப்பு மட்டுமே எல்லாவற்றையும் முடிவு செய்வதில்லை என்பதற்கு இந்தியாவின் தீபா கர்மாகர் சான்றாவார். திரிபுராவின் அகர்தலாவில் 1993 ஆம் ஆண்டு பிறந்த இவருக்குப் பிறவியிலேயே தட்டைப்பாதம் இருந்தது. பாதத்தின் உள்வளைவு ஓட்டத்திற்கும் தாவலுக்கும் ஒரு சுருள்வில் போல உதவுகிறது. அவ்வளைவு இல்லாதபோது ஓடிவந்து எழும்புவதும் தரையிறங்கி நிலைப்பதும் கடினமாகின்றன.

ஆறு வயதளவில் பயிற்சியைத் தொடங்கிய தீபா, பயிற்சியாளர் பிசுவேசுவர் நந்தியின் வழிகாட்டலில் இக்குறையைக் கடந்தார். 2016 ஆம் ஆண்டு இரியோ ஒலிம்பிக்கில் பங்கேற்றதன் மூலம் ஒலிம்பிக்கில் போட்டியிட்ட முதல் இந்தியப் பெண் சீருடற்பயிற்சியாளர் ஆனார். தாவு மேசை இறுதிப் போட்டியில் 15.066 புள்ளிகள் பெற்று நான்காம் இடத்தைப் பிடித்தார். வெண்கலப் பதக்கம் 0.15 புள்ளியில் தவறியது. அவர் செய்த புரோதுனோவா என்னும் தாவலில் மிகக் கடினமான பகுதி, இரு முன்கரணங்களுக்குப் பின் கால்களில் நிலையாக இறங்குவதாகும். 2024 ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார்.

கொங்கு நாட்டில்

கோயம்புத்தூர் மாநகரின் பேருந்து நிலையங்கள் அமைந்துள்ள காந்திபுரத்திற்கு அருகில் நேரு விளையாட்டரங்கம் உள்ளது. காந்திபுரத்திற்கு வடக்கே, மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள பெரியநாயக்கன்பாளையத்தில் இராமகிருட்டிண மிசன் வித்தியாலயத்தின் மாருதி உடற்கல்வியியல் கல்லூரி அமைந்துள்ளது. உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பட்டப்படிப்பில் சீருடற்பயிற்சியும் ஒரு செய்முறைப் பாடமாக இடம்பெறுவதால், கருவிகள் இல்லாத பள்ளிகளிலும் அதன் அடிப்படைகளைக் கற்பிக்க வாய்ப்பு உள்ளது.

சீருடற்பயிற்சிக் கூடங்களுக்குச் செல்லாத சிறுமியரும் சமநிலையைப் பழகும் வழிகள் இப்பகுதியின் வழக்கில் உள்ளன.

பாண்டி: தரையில் கட்டங்கள் வரைந்து, சில்லைக் காலால் தள்ளியவாறு ஒற்றைக்காலில் தாவும் ஆட்டம். கோட்டை மிதிக்காமல் குறித்த கட்டத்தில் இறங்கி நிற்க வேண்டும் என்பதால், தாவலுக்குப் பின் நிலைப்படும் திறன் இதில் பயிலப்படுகிறது.

நொண்டி: ஒற்றைக்காலில் தாவி மற்றவரைத் தொடும் ஆட்டம். ஓடுபவர் திசை மாறும்போதெல்லாம் நொண்டி அடிப்பவரும் ஒரு பாதத்தின் மேல் திரும்ப வேண்டியுள்ளது.

தட்டாமாலை: கைகளை விரித்தோ கோத்தோ சுழன்று ஆடுவது. சுழற்சி நின்ற பின்னும் உட்செவிக் கால்வாய்களில் உள்ள நீர்மம் சிறிது நேரம் அசைவதால் தலைச்சுற்றல் தோன்றுகிறது. தேர்ந்த சீருடற்பயிற்சியாளர்களும் நடனமாடுவோரும் பழக்கத்தால் இத்தலைச்சுற்றலைக் குறைத்துக்கொள்கின்றனர்.

கும்மி: வட்டமாக நகர்ந்து, குனிந்தும் நிமிர்ந்தும் கைதட்டி ஆடுவது. கொங்கு நாட்டில் வள்ளி கும்மி சிறப்பாக ஆடப்படுகிறது. ஆண்களே ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்பித்த மேட்டுப்பாளையம் வட்டாரத்தின் பத்திரப்பன் 2024 ஆம் ஆண்டுக்கான பத்மசிறீ விருதுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஓகக்கலையில் ஒற்றைக்காலில் நிற்கும் விருட்சாசனமும் சமநிலைப் பயிற்சியே ஆகும். கோயம்புத்தூரைச் சேர்ந்த ஓக ஆசிரியர் நானம்மாள் முதுமையிலும் ஆசனங்களைச் செய்துகாட்டிக் கற்பித்தவர். 2018 இல் பத்மசிறீ விருது பெற்ற இவர் 2019 இல் தமது 99 ஆம் வயதில் காலமானார். சமநிலை சிறுவயதில் வளர்ந்து அப்படியே நின்றுவிடுவதில்லை என்பதற்கும், தொடர்ந்து பயின்றால் முதுமையிலும் அதைப் பேணலாம் என்பதற்கும் அவரது வாழ்வு எடுத்துக்காட்டாகும்.

சமநிலையை அளத்தல்

ஆய்வகங்களில் விசைத் தட்டு என்னும் கருவியின் மீது சிறுமியர் நிறுத்தப்படுகின்றனர். பாதங்கள் தட்டின் மீது செலுத்தும் அழுத்தத்தின் மையம் எவ்வளவு பரப்பில், எவ்வளவு விரைவில் நகர்கிறது என்பதைக் கருவி பதிவு செய்கிறது. பரப்பும் விரைவும் குறைவாக இருப்பின் நிலைப்பாடு சிறந்தது எனக் கொள்ளப்படுகிறது.

பள்ளிகளில் கருவியின்றிச் செய்யத்தக்க சோதனைகளும் உள்ளன. ஒற்றைக்காலில் கண்ணைத் திறந்தும் மூடியும் நிற்கும் நேரத்தை நிறுத்துக்கடிகாரத்தால் அளப்பது அவற்றுள் எளியதாகும். ஒரு காலில் நின்று, மறு காலை முன்னும் பக்கவாட்டிலும் பின்னும் எட்டியவரை நீட்டி அளக்கும் முறை, அசைவின்போது உள்ள சமநிலையைக் காட்டும். உயரம் மிக்கவரின் கால் இயல்பாகவே தொலைவு எட்டும் என்பதால் எட்டிய தொலைவைக் கால் நீளத்தோடு ஒப்பிட்டே கணக்கிட வேண்டும்.

வளரிளம் பருவமும் இடர்களும்

பெண்களின் உயரம் பெரும்பாலும் 11 முதல் 12 வயதளவில் மிக விரைவாகக் கூடுகிறது. கைகால்களின் நீளமும் எடையும் மாறும் வேகத்திற்கு மூளையின் கணிப்பு ஈடுகொடுக்க இயலாமல், முன்பு எளிதாகச் செய்த அசைவுகளில் தற்காலிகத் தடுமாற்றம் தோன்றலாம். இதைச் சிறுமியின் கவனக்குறைவாகவோ முயற்சியின்மையாகவோ கருதிக் கண்டிப்பது தவறாகும். இக்காலத்தில் கடினமான பயிற்சிகளைக் குறைத்து, அடிப்படைகளை மீண்டும் பழகச் செய்வதே தக்க முறையாகும்.

வளரும் எலும்புகளின் முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் மென்மையானவை. கைகளில் உடல் எடையைத் தாங்கும் பயிற்சிகள் மிகும்போது மணிக்கட்டின் வளர்ச்சித் தட்டு பாதிக்கப்படக்கூடும். முதுகை மீண்டும் மீண்டும் பின்வளைப்பதால் கீழ்முதுகு எலும்பில் விரிசல் ஏற்படலாம். கணுக்கால் சுளுக்கு இவ்விளையாட்டில் பரவலாகக் காணப்படுகிறது. சுளுக்கிய கணுக்காலில் தன்னிலை உணர்வு குன்றுவதால், வலி தீர்ந்த பின்னும் சமநிலைப் பயிற்சி அளிக்காவிடில் மீண்டும் சுளுக்கு ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது.

எடையைக் குறைவாக வைத்திருக்க வேண்டும் என்ற நெருக்கடியால் போதிய உணவு உண்ணாத சிறுமியருக்குப் பூப்பு தள்ளிப்போதல், மாதவிடாய் தடைப்படுதல், எலும்பு வலுக்குறைதல் ஆகியவை நேரலாம். அனைத்துலக ஒலிம்பிக் குழு 2014 இல் இந்நிலையை விளையாட்டில் ஏற்படும் ஆற்றல் பற்றாக்குறை எனப் பெயரிட்டு விளக்கியது. சமநிலைக்காகத் தொடங்கிய பயிற்சி எலும்பைத் தேய்க்கும் அளவிற்குச் செல்வதைப் பெற்றோரும் பயிற்சியாளரும் தடுக்க வேண்டும். நீடித்த வலி, மாதவிடாய் நின்றுபோதல் ஆகியவை மருத்துவரிடம் காட்டப்பட வேண்டிய அறிகுறிகளாகும்.

பள்ளிகளில் பயன்பாடு

உலக நலவாழ்வு அமைப்பு 2020 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடங்கள் உடலுழைப்பில் ஈடுபட வேண்டும். வாரத்தில் மூன்று நாட்களாவது தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் செயல்கள் அதில் இடம்பெற வேண்டும். தொடக்கப்பள்ளியில் சமநிலைப் பயிற்சிக்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. பின்வருவன போதுமானவை:

* தரைக் கோட்டின் மீது முன்னும் பின்னும் நடத்தல்
* ஒற்றைக்காலில் நின்று பந்தைப் பிடித்தல்
* தாழ்ந்த பலகையின் மீது நடந்து, முழங்காலை மடக்கி ஓசையின்றிக் குதித்து இறங்குதல்
* துணையாள் அருகிருக்கக் கண்ணை மூடி நிற்றல்
* மெத்தை விரிப்பில் உருளுதல்

இவற்றை வலக்கால், இடக்கால் இரண்டிலும் மாற்றி மாற்றிச் செய்விக்க வேண்டும். 5 முதல் 7 வயது வரையுள்ள காலத்தில் பயன் மிகுதியாகக் காணப்படுவதால், உடற்கல்வி நேரத்தை மேல் வகுப்புகளுக்கு மட்டும் ஒதுக்காமல் முதல் வகுப்பிலிருந்தே தொடங்குவது பொருத்தமாகும். அதே வேளையில், ஏழு வயதிற்குள் கற்கத் தவறிய சிறுமி பிற்காலத்தில் கற்க இயலாது என்று பொருள் கொள்ளலாகாது. ஆய்வுகள் காட்டுவது முன்னதாக அடையும் தேர்ச்சியையே அன்றி, பின்னர் மூடிவிடும் வாய்ப்பை அல்ல.

இவற்றையும் பார்க்கவும்

* சீருடற்பயிற்சிகள்
* சிறுமூளை
* உட்செவி
* தட்டைப்பாதம்
* வள்ளி கும்மி
* தமிழர் விளையாட்டுகள்